டிபன் கடையில் ஒரு சலூன் கண்ணாடி

போன செவ்வாய்க்கிழமை அரியலூரில் ஒரு முழு தோசை சாப்பிட்டேன்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? செய்திதான். காரணம் இருக்கிறது.

செந்துறையில் என் தங்கை வீடு. பெரம்பலூரிலிருந்து போனால் அரியலூரில் பஸ் மாற வேண்டும். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சின்ன டிபன் கடை. வரதராஜன்பேட்டைக்காரர்களான சவரிமுத்துவும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் நடத்துகிறார்கள். அவர் அடுப்படியில், இவர் கல்லாவில். கார சட்னிக்காகவே அங்கே போகலாம்... ஆனால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

பின்சுவரோடு சேர்த்து அடித்த பலகைதான் மேஜை. முகம் சுவருக்கு, முதுகு ரோட்டுக்கு. திருப்பிப் போட இடம் கிடையாது. வெளியே ஒரு ஹாரன் அடித்தால் போதும், அத்தனை தலையும் திரும்பும். செந்துறை பஸ்ஸா, விக்கிரமங்கலம் பஸ்ஸா? தெரியாது. எதற்கு வம்பு என்று பாதித் தோசையோடு எழுந்து ஓடுவோம். நானும் அப்படித்தான் ஓடுவேன்.

எங்களுக்குப் பாதித் தோசைதான் நஷ்டம். சவரிமுத்துவுக்கு?

மிச்சம் வைத்த தட்டுகளைப் பார்த்துப் பார்த்து, தன் கைப்பக்குவமே போய்விட்டது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அரிசியை மாற்றினார், மிளகாயை மாற்றினார். தட்டுகள் அப்படியேதான் திரும்பி வந்தன. கட்டட உரிமையாளரோ, கடையைத் தொடர்ந்து நடத்துவீர்களா, வேறு ஆளுக்கு விடட்டுமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். சவரிமுத்து திருச்சியில் ஒரு கேன்டீனில் சமையல் வேலைக்குச் சொல்லி வைத்தார். கிடைத்துவிட்டால் அவர் அங்கே, மனைவியும் மகளும் இங்கே. அப்போது இதையெல்லாம் என்னிடம் சொன்ன ஸ்டெல்லாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன வாரம் போனால், பின்சுவரில் நீளமாக ஒரு கண்ணாடி! ஓரத்தில் லேசாக உடைந்த, சலூன்களில் இருக்குமே, அந்த மாதிரி. தலைக்கு மேலே, கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து மாட்டியிருந்தது. உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். ரோடு முழுவதும் தெரிந்தது. பஸ் வருவது, நிற்பது, டிரைவர் டீ குடிக்கப் போவது எல்லாமே.

எப்படித் தோன்றியது என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். ஒருநாள் மதியம் கடையில் ஆளே இல்லை. கால் வலிக்கிறதே என்று, தன் தட்டை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக அந்தப் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாராம்.

"கல்லாவுல ஒக்காந்தா எனக்கு ரோடு நல்லா தெரியும்க்கா. அதனால இது தோணவே இல்ல. அங்க ஒக்காந்து சாப்புடுறேன், பின்னாடி ஒரு பஸ் சத்தம் கேட்டுச்சு... திக்குன்னு ஆயிருச்சு. நான் எந்த பஸ்ஸுக்கும் போகலக்கா. எனக்கே அப்புடி இருந்துச்சு."

பக்கத்து சலூனைப் புதுப்பித்தபோது கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்த கண்ணாடி அது. கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சவரிமுத்துவுக்குத்தான் இஷ்டமில்லை. தான் மெல்லுவதைத் தானே பார்த்துக்கொண்டு எவன் சாப்பிடுவான் என்பது அவர் வாதம். நியாயம்தானே? அதனால்தான் உயரத்தில் ஏற்றிச் சாய்த்திருக்கிறார்கள்.

முதல் நாளே ஒருவர் குறை சொன்னாராம், பஸ் போர்டில் எழுத்து திரும்பித் தெரிகிறதே என்று.

"எழுத்து திரும்பித் தெரிஞ்சா என்னங்க, பஸ்ஸு திரும்பியா போகப் போவுது? சாப்புடுங்க, எந்த வண்டின்னு நான் சொல்றேன்" என்றாராம் ஸ்டெல்லா.

நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிற ஒரு அம்மாவும் மாசமாக இருந்த மகளும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கீழப்பழுவூருக்குப் போக வேண்டியவர்கள். அம்மா பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. மகள் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் வரலம்மா, நீ சாப்புடு" என்றாள். அம்மா பையைக் கீழே வைத்தார். அப்புறம் இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

அவர்கள் கை கழுவப் போனதும் சவரிமுத்து தானே வந்து தட்டுகளை எடுத்தார். துடைத்தாற்போல் காலியாக இருந்தன. ஒரு கணம் பார்த்தார், உள்ளே போனார். திருச்சி வேலைக்கு வரவில்லை என்று போன மாதமே சொல்லிவிட்டாராம். கடையை இனியும் அவர்களேதான் நடத்துவார்கள்.

கடை ஓடவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? ஏசி, புது போர்டு, ஆஃபர்! எதையும் குறை சொல்லவில்லை, எல்லாம் வேண்டியவைதான். ஆனால் வாங்க வருகிறவர் உட்காருகிற இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கச் செலவே இல்லை. அதனாலேயோ என்னவோ, அதைக் கடைசியில்தான் செய்கிறோம்.

பெரம்பலூர் திரும்பியதும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். மனுஷர் அசந்துபோய், உடனே அதே மாதிரி ஒரு கண்ணாடி வேண்டும், எங்கே கிடைக்கும் என்றார்.

அவர் வைத்திருப்பது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற யாரும் ஏறி வராத மாடியில் ஒரு ஜவுளிக்கடை!