டர்போ அக்காவின் ஏழாவது ஓட்டம்

டர்போவைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அக்கா அதன் நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்க்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. பக்கவாட்டில் இம்மியளவு ஆடலாம். எண்ணெய் ஓட அந்த இடம் வேண்டும். முன்னும் பின்னும் ஆடினால் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான். "நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தப் போற சாமான். கையிலயே இந்த ஆட்டம் ஆடினா என்ஜின்ல என்ன ஆட்டம் ஆடும்?" என்கிறார், கண்ணைத் திறக்காமலேயே.

கார்களுக்குக் கூடுதல் பலம் ஏற்றிக்கொடுக்கும் அந்தப் பட்டறையில் ஸ்பானர் பிடிப்பவர் கணவர். எந்த டர்போ பொருந்தும் என்று சொல்வதும், பொருத்தியபின் சோதிப்பதும் மனைவி. புதிதாக வருகிறவர்கள் கணவரிடம் போய்ப் பேச்சை ஆரம்பிப்பார்கள். அவர் வாயைத் திறக்காமல் தாடையால் கண்ணாடி அறையைக் காட்டுவார். உள்ளே ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி, கழுத்தில் காதடைப்பானைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் அவர் டர்போ அக்காதான். என் காரின் பிரேக் கிறீச்சிடுகிறது என்று போன நான், அது சரியான பிறகும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய் உட்கார ஆரம்பித்தது இவரைப் பார்க்கத்தான்.

டர்போவின் வேலை எளிதானது. என்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், பலம் கூடும். ஆகவே வருகிறவர்கள் எல்லோரும் பெரிய டர்போதான் கேட்பார்கள். "பெரிய சட்டை மாட்டிவிட்டா குழந்தை வளர்ந்துடுமா?" என்று இவர் கேட்பார். பிறகு கேள்விகள் வரும். தினம் ஆபீஸ் போகிற வண்டியா, பந்தயத் தடத்துக்கு மட்டுமா? எந்த வேகத்தில் அதிக நேரம் ஓட்டுவீர்கள்? பின்சீட்டில் யார் உட்காருவார்கள்? பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். பின்சீட்டில் குழந்தை இருக்கை கட்டிய தடம் இருக்கும்.

பதில்களை வைத்துக்கொண்டு டர்போவின் வரைபடத்தில் புள்ளி வைப்பார். தீவுகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியதுபோல் இருக்கும் படம். புள்ளிகள் நடுத்தீவில் விழுந்தால் நல்லது. "இடது கோட்டைத் தாண்டினா டர்போவுக்கு விக்கல் எடுக்கும். வலது பக்கம் போனா மூச்சு முட்டும். நடுவுல வெச்சுக்கிட்டா உங்களுக்கும் நல்லது, அதுக்கும் நல்லது." இந்தப் பாடம் அவருக்குக் கார்களிடமிருந்து வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன் தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் எட்டு வருஷம் இருந்தவர். "அங்க தண்ணி, இங்க காத்து. தள்ளுற வேலை ஒண்ணுதானே."

"சும்மா கொஞ்சம் ஏத்தி விடுங்கக்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் பென்சில் நின்றுவிடும். "சும்மான்னு ஒரு அளவு என் மீட்டர்ல இல்லீங்க." வண்டிகளுக்கு இத்தனை வேகம் ஏற்றுகிறவர், சாலையில் நாற்பதைத் தாண்ட மாட்டார். "அம்மா கார் ஓட்டினா சைக்கிளெல்லாம் மணி அடிச்சு வழி கேக்கும்" என்பது அவர் மகளின் புகார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பல் டாக்டரின் கார் வந்தது. பந்தயத் தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்காக அவர் இரண்டு மாதம் காத்திருந்து இடம் பிடித்திருந்தார். பெரிய டர்போ கேட்டவரை அக்கா பேசிப்பேசி நடுத்தர டர்போவுக்குச் சம்மதிக்க வைத்தார். சனிக்கிழமை சோதனை. காரைக் கண்ணாடி அறைக்குள் உருளைகள் மேல் ஏற்றி, பட்டை போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்துக்கு ஓட்டுவார்கள். சக்கரம் உருளையைச் சுற்றும். உருளை கணினிக்குக் கணக்குச் சொல்லும். நான்கு ஓட்டம் ஆனதும் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சாப்பிட்டு வந்து ஐந்தாவது ஓட்டம். முந்நூற்று நாற்பது குதிரைத்திறன். கணவர் கைதட்டினார், டாக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த ஐந்து ஓட்டங்களின் கணினித் தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். நான்காவது தாளின் கடைசியில், பெட்ரோல் அழுத்தம் காட்டும் கோடு லேசாகத் தலை குனிந்திருந்தது. ஐந்தாவதில் அது நிமிர்ந்து நின்றது. முந்தைய நாள் அவர் அதைப் பார்க்காமல் இல்லை. மீட்டரின் நடுக்கம் என்று நினைத்து விட்டிருந்தார்.

"ஏங்க, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நாம சாப்பிடப் போனோம்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வண்டி ஆறிடுச்சு. பெட்ரோல் பம்பும் ஆறிடுச்சு. அதான் அஞ்சாவது நல்லா வந்திருக்கு. தடத்துல டாக்டர் இருவது நிமிஷம் ஆற விடாம ஓட்டுவாரு."

டேங்குக்குள் இருக்கும் பம்பு சூடேறிப் பெட்ரோலைக் குறைத்தால், டர்போ திணிக்கும் காற்றுக்குப் போதிய பெட்ரோல் இருக்காது. பிஸ்டன் உருகும். "என்ஜின் போனா வேற என்ஜின் வாங்கலாம். கொட்டுற எண்ணெய் டயர்ல பட்டு வழுக்கினா?" என்று பிறகு என்னிடம் கேட்டார். டாக்டர் போனை எடுக்கவில்லை. தடத்துக்குள் போகுமுன்பே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். இருவரும் பட்டறை வேனில் கிளம்பினார்கள். அக்காதான் ஓட்டினார். "இருபத்தாறு வருஷத்துல அன்னிக்குத்தான் எங்க வீட்டம்மா ஓட்டி நான் பயந்தேன்" என்கிறார் கணவர்.

போய்ச் சேர்ந்தபோது டாக்டரின் கார் வரிசையில் மூன்றாவதாக நின்றது. அக்கா தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் காருக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"டாக்டர், வண்டிய வரிசையிலேருந்து வெளிய எடுங்க."

டாக்டர் ஹெல்மெட்டோடு தலையை வெளியே நீட்டினார். "என்னக்கா இது? நேத்து நீங்கதானே சரின்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். பம்பு சூட்டுல தாங்கல, நான் கவனிக்காம விட்டுட்டேன்."

"கொஞ்சம் மெதுவா ஓட்டறேன். அப்ப பரவால்லையா?"

"மெதுவா ஓட்டவா இவ்வளவு நாள் காத்திருந்தீங்க? உள்ள போனா உங்க கால் உங்க பேச்சக் கேக்காது."

பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மேலே படிக்கட்டில், மாப்பிள்ளை ஓட்டுவதைப் பார்க்க வந்திருந்த மாமனாரும் மாமியாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்கா நகரவில்லை. டாக்டர் காரைத் திருப்பினார். "ஒருவேளை நான் நினைச்சது தப்பா இருந்தா, அந்த மனுஷனோட நாளையும் கெடுத்தேன், என் பேரையும் கெடுத்துக்கிட்டேன்" என்று திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் கணவரிடம் சொன்னாராம்.

திங்கட்கிழமை நானும் அங்கே இருந்தேன். டாக்டர் கண்ணாடிக்கு வெளியே கைகட்டி நின்றார். இந்த முறை வண்டியை ஆற விடாமல் ஓட்டுவது என்று ஏற்பாடு. அன்று சனிக்கிழமை அளவுக்கு வெயில் இல்லை. முதல் ஓட்டம் நன்றாக வந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் நன்றாகவே வந்தன. ஆறாவதும் பழுதில்லாமல் முடிந்தபோது டாக்டரின் முகம் கறுத்துப்போயிருந்தது. கணவர் தரையைப் பார்த்தார். அக்கா காதடைப்பானைச் சரிசெய்துகொண்டு, "இன்னொண்ணு" என்றார்.

ஏழாவது ஓட்டத்தில் வேகமுள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் அழுத்தத்தின் கோடு மடிந்தது. குனிவதோடு நிற்காமல் சரிந்தே விழுந்தது. அக்கா அந்த நொடியே நிறுத்தினார். உருளைகள் ஓய்ந்து அடங்கின.

டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "இருவது நிமிஷத்துல நான் எத்தனை சுத்து சுத்தியிருப்பேன்?"

"பன்னெண்டு."

அவர் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வீட்ல உங்களத் திட்டினேன்க்கா" என்றார்.

"திட்டணும்ல. சனிக்கிழமையே நான் பாத்திருக்க வேண்டியது."

வேறு பம்பு வரவழைத்துப் பொருத்த ஒரு வாரம் ஆனது. மறுபடி சோதித்த அன்றும் போயிருந்தேன். பம்பு உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் டேங்கின் மூடி தெரியும்படி பின்சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். பன்னிரண்டு ஓட்டம், ஆற விடாமல். பட்டறையில் வேலையாக இருந்தவர்கள்கூடக் கண்ணாடி அருகே வந்து கூடிவிட்டார்கள். பன்னிரண்டாவது முடிந்ததும் கணவர் திரையைப் பார்த்து, "முந்நூத்தி நாப்பத்தி மூணு!" என்று கத்தினார். டாக்டர் சிரித்தபடி அக்காவைத் தேடினார். அக்கா திரைக்கு எதிரில் இல்லை. காரின் பின்கதவைத் திறந்து, உள்ளே முட்டி போட்டு, டேங்கின் இரும்பு மூடிமேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பேசி முடித்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.