புகை எண்ணக் கற்றுக்கொடுத்த கதை

ஓர் ஊர் முழுக்கப் பட்டினி கிடந்தபோது, ‘இங்கே யாருக்கும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியவன் நான். எழுத்து முத்து முத்தாக இருந்தது என்று மேலதிகாரி பிற்பாடு சொன்னார். அந்த அறிக்கையில் பாராட்டும்படியாக வேறொன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை.

யுத்தத்துக்கு முன்னால், மழை இரண்டு வருஷம் தொடர்ந்து பொய்த்த சமயம் அது. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலமெல்லாம் வெடித்துக் கிடந்தது. எந்தெந்த ஊரில் கஞ்சித்தொட்டி திறக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல சர்க்காருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆட்களைப் பழக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மதுரையில் குமாஸ்தாவாக இருந்த என்னைப் பிடித்தார்கள். பஞ்ச நிவாரணம் பற்றி இரண்டு இங்கிலீஷ் புத்தகம் படித்திருந்தது என் தகுதி. காலைப் பலகாரம் அரைமணி தாமதமானதைத் தவிர வேறு பஞ்சம் எதையும் நான் நேரில் கண்டதில்லை.

உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் அம்மை குத்துகிறவர் ஒருவர். கோர்ட்டுச் சம்மனை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவகர் ஒருவர். இரண்டு பேருக்கும் என் வயதுதான் இருக்கும்.

நிவாரணம் என்றால் ஜனங்கள் கூட்டிச் சொல்வார்கள், ஆகவே வாயால் எதையும் கேட்கக் கூடாது என்பது என் முதல் பாடம். விடிந்ததும் உயரமான இடத்தில் ஏறி நின்று, எந்தக் கூரையில் புகை இல்லை என்று எண்ண வேண்டும். புகை உள்ள வீட்டில் சமையல் நடக்கிறது. இல்லாத வீட்டில் பட்டினி. இது புத்தகத்தில் இல்லை, நானே யோசித்தது. அதனால் எனக்கு அதன்மேல் கூடுதல் பிரியம்.

“பொகை வந்தா சோறு வேகுதுன்னு அர்த்தமாங்கய்யா?” என்று கேட்டார் சேவகர்.

“வேறென்ன வேகும்?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். “ஒனக்குக் கதவுல சம்மன் ஒட்டத்தான் மாப்ள தெரியும். அடுப்பப் பத்தி என்ன தெரியும்?” என்றார் அம்மை குத்துகிறவர். சேவகர், “சரிங்கய்யா” என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடியுமுன் எல்லாரையும் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அழைத்துப்போய்ப் பாறைமேல் ஏற்றினேன். வெளிச்சம் வந்ததும் எண்ணினோம். எல்லாக் கூரையிலும் புகை. ஒன்றுகூடத் தப்பவில்லை. பாறையிலேயே உட்கார்ந்து அறிக்கை எழுதி, மதுரை போகும் முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தால் அந்த ஊருக்குக் கஞ்சி கிடையாது என்று அர்த்தம்.

சேவகரை மட்டும் காணோம். “நீச்சத்தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருந்தார். இரவு மிஞ்சிய கம்பஞ்சோற்றிலோ சோளச்சோற்றிலோ தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் இறுத்துக் குடிப்பதுதான் நீச்சத்தண்ணி. வழிப்போக்கர் யாரும் எந்த வாசலிலும் கேட்கலாம். இல்லையென்று சொல்வது அந்தப் பக்கத்து வழக்கமில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்தார்.

“தாளைக் குடுத்துவிட்டுட்டீகளா?”

“போய்விட்டது. ஏன்?”

“மொத வீட்டுல ஒரு பொம்பளப்பிள்ள, இடுப்புல கைக்குழந்தை. புருசன் மதுரைக்கு மில்லு வேலை தேடிப் போயிருக்கான். நீச்சத்தண்ணி குடு தாயின்னேன். பச்சத்தண்ணியக் கொண்டாந்து குடுத்து, நேத்து ஊத்திவைக்க மறந்துட்டேண்ணேங்குது. அடுத்த வீட்டுல பூனை தட்டிவிட்டுருச்சாம். அதுக்கடுத்த வீட்டுல மாட்டுக்கு ஊத்திட்டாகளாம். தெரு முச்சூடும் ஒரே நாள்ல மறந்துருக்குய்யா.”

“அடுப்பு எரிகிறதே.”

“எரியுது. பீடிக்கு நெருப்பெடுக்குறாப்புல அந்தப் பிள்ள வீட்டு அடுப்புல குனிஞ்சு பாத்தேன். காஞ்ச பருத்திமார வச்சு எரிச்சு வெறுந்தண்ணியக் கொதிக்க விட்டிருக்கு. பொகை வரலேன்னா எதுத்த வீட்டுச் சம்பந்தகாரவுகளுக்குத் தெரிஞ்சுபோகுமில்ல. புளியங்கொட்டைய வறுத்துத் தின்னுக்கிட்டுக் கெடக்கு. பாலு வத்திப்போயி, பிள்ளை அழக்கூட மாட்டேங்குதய்யா.”

“இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?”

“மொத நாளே கேட்டேனேய்யா.”

அடுத்த பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். “காலையில் ஒருத்தருக்கும் குறைவில்லை, சாயங்காலம் ஊரே பட்டினி என்கிறீர். நடுவில் என்ன நடந்தது?” என்று கேட்டார் மேலதிகாரி. நான் நினைத்தது தப்பு என்றேன். அதையும் எழுதித் தரச் சொன்னார். என் தவற்றை நானே எழுத்தில் ஒப்புக்கொண்டது என் உத்தியோக வாழ்வில் அந்த ஒரு தடவைதான்.

அனுப்பிய காகிதத்தைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு நடைமுறை உண்டாகையால், கஞ்சித்தொட்டி திறக்க எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளை முதல் வீடு எப்படிக் கழித்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தாலும் சாப்பிட்டோம் என்றுதான் பதில் வந்திருக்கும்.

அடுத்த வகுப்பில் புகைப் பாடத்தை அடித்துவிட்டு, சேவகரைப் பாடம் சொல்ல வைத்தேன். வாசலில் எப்படி நிற்பது, எந்தக் குரலில் கேட்பது, பச்சைத் தண்ணீர் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றெல்லாம் அவர் நடித்தே காட்டினார். கூலிக்காரர் தெருவில் கையேந்திக் குடிக்க வகுப்புக்கு வந்தவர்கள் சாதி பார்த்துத் தயங்கியதால், அந்தத் தெரு ஆள் ஒருவரையும் சேர்த்துக்கொண்டோம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

கஞ்சித்தொட்டியைப் பார்க்க ஒருநாள் போனேன். மற்றவர்கள் பார்க்க உட்கார்ந்து குடிக்கக் கூசுகிறவர்கள் மூடிய செம்பில் வாங்கிப்போகலாம் என்று சேவகர் ஏற்பாடு செய்திருந்தார். அந்த முதல் வீட்டுப் பெண்ணும் செம்போடு நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, ஒரு மாதிரி சிணுங்கிக்கொண்டிருந்தது. சேவகர் என்னைக் காட்டி, “எங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக்குடுத்தவுக இவுகதான் தாயி” என்றார், பெருந்தன்மையாக.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாடம் சொல்றவுகளா? அப்ப அந்தக் கஞ்சி காச்சுறவருக்கும் ஒண்ணு சொல்லிட்டுப் போகச் சொல்லுங்கண்ணே. மூணு நாளா உப்பே போடல.”