இடப்பக்கம் சாய்ந்த நெம்புகோல்

ஜனவரி 9: 340 கட்டைகள்.
ஜனவரி 27: 215 கட்டைகள், அனைத்தும் நீலம்.
பிப்ரவரி 2: எண்ணியபோது 551. குறைவு 4.
மார்ச் 14: அதிகாரி வருகை, காலை 10.20.

குறைந்த நான்கும் இயற்பியல் ஆசிரியையின் வீட்டு சோபாவுக்கு அடியில் அகப்பட்டன. அவற்றில் ஒன்றை மிதித்துக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் அவருடைய கணவர், பஸ் டிரைவர். "இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு கீறல் இல்ல. உன் இயற்பியல் என்னை நொண்டியாக்கிடும் போலிருக்கே" என்றார்.

டிசம்பரில் பள்ளி மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து, கீழே ஆய்வகம் பாழாயிற்று. புதுக் கருவிகள் எப்போது வரும் என்று கேட்டால் தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். செய்முறை மதிப்பெண் இல்லாமல் ஒருவரும் இறுதித் தேர்வு எழுத முடியாது. அவருடைய வகுப்பின் ஒன்பது பேரும் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர்கள். இன்னொரு வருடம் காத்திருக்க வைத்தால் பாதிப் பேர் படிப்புக்கே முழுக்குப் போட்டுவிடுவார்கள் என்பது ஆசிரியைக்குத் தெரியும். கை ஒடிந்தவள் போல உட்கார்ந்திருக்க அவருக்கு மனமில்லை. பழைய பொருள் கடையில், குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை மூட்டையாக வாங்கினார். அவற்றைக் கொண்டே பற்சக்கரம், கப்பி, நெம்புகோல் சோதனைகள் எல்லாம் நடந்தன.

ஒரு மாணவனின் தந்தை, பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா விளையாட அனுப்பினோமா என்று கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். அதனால்தான் அதிகாரி வந்தார். அவர் ஏற்றால் ஒன்பது பேரும் தேர்வு எழுதலாம், இல்லையேல் இல்லை.

அவருக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று ஆசிரியை அன்று ஒரு காரியம் செய்தார். எப்போதும் கலந்து எடுக்கும் கட்டைகளை நிறம் பிரித்தார். கட்டைகளால் ஆன நெம்புகோலின் இடப்பக்கம், நடுவிலிருந்து ஆறாவது குமிழில் சிவப்புக் கட்டை இரண்டு; வலப்பக்கம் நான்காவது குமிழில் நீலக் கட்டை மூன்று. ஈராறு பன்னிரண்டு, முந்நான்கு பன்னிரண்டு. நேராக நிற்க வேண்டும்.

இடப்பக்கம் சாய்ந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். பின்வரிசையில் ஒருவன், அவர் எழுதும் நேரத்தில் வலப்பக்கம் ஒரு கட்டையைச் செருகிவிடலாம் என்று கண்ணால் காட்டினான். ஆசிரியையின் விரல்களும் ஒரு கணம் கட்டைப் பெட்டிவரை போயின. பிறகு அவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"சாயுது சார். ஏன்னு எனக்கும் தெரியல. நீங்களே கண்டுபிடிங்க பிள்ளைங்களா."

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் 'வக்கீல்' என்று பெயர் வாங்கிய மாணவி எழுந்தாள். முதலில் கட்டைகளை எடுத்துவிட்டு வெறும் கோலைப் பார்த்தாள்; நேராக நின்றது. பிறகு சிவப்பை வலப்பக்கமும் நீலத்தை இடப்பக்கமும் மாற்றி வைத்தாள். இப்போது வலப்பக்கம் சாய்ந்தது.

"கோல் மேல தப்பில்ல டீச்சர். நீலம்தான் எடை கம்மி. உள்பக்கம் பாருங்க, முத்திரையே வேற. ரெண்டும் வேற வேற கம்பெனி."

"வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாதும்மா. எவ்வளவு கம்மி?" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் இருங்க சார், சாட்சியக் கூப்பிடுறேன்."

வகுப்பு சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுவிலிருந்து ஒரே தூரத்தில், ஒருபுறம் பத்து சிவப்பை அடுக்கி, மறுபுறம் நீலத்தை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். பதினோராவது நீலத்தில் கோல் நேரானது. அரை மணியில் கிளம்புவதாக இருந்தவர் 12.40 வரை இருந்தார். முடிவைக் கடிதத்தில் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 20 அன்று கல்வி அலுவலகத்திலிருந்து வந்த முதல் கடிதம், மாணவர்களின் குறிப்பேடுகளைக் கேட்டது. சாய்ந்த கணக்கை அடித்துவிட்டு அனுப்பலாமே என்றார் தலைமையாசிரியர். ஆசிரியை மறுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்பதையும் அப்படியே அனுப்பினார். தேர்வுக்கு இருபது நாள்கூட இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் பாடம் நடத்துவதே அவருக்குப் பெரும்பாடாயிற்று.

ஒன்பது பேரின் செய்முறை மதிப்பெண்களும் ஏற்கப்பட்டன, தவறிய அளவீட்டை மறைக்காத குறிப்பேடுகளே அதற்குக் காரணம் என்று தெரிவித்த கடைசிக் கடிதம், ஏப்ரல் 4 வெள்ளிக்கிழமை, காலை 11.05-க்கு வந்து சேர்ந்தது.