பதினாலாம் கட்டிலிலிருந்து திரும்பிய தட்டு

அந்த ஆஸ்பத்திரியின் பாத்திரம் கழுவும் பகுதியில் அவளுக்குப் பெயர் கலோரி. வயதில் சின்னவர்கள் கலோரி அக்கா என்பார்கள். எட்டு வருஷம் அங்கே ரப்பர் கையுறையும் ஈரச் செருப்புமாக நின்று, வார்டுகளிலிருந்து திரும்பி வரும் தட்டுகளை வழித்துக் கொட்டிக் கழுவியவள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: உப்புக் குறைவு, புரதம் அதிகம், சர்க்கரை கூடாது. மற்றவர்கள் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட, அவள் நின்று படிப்பாள். படித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பாள். புரதம் அதிகம் என்று அனுப்பிய முட்டை உடையாமல் திரும்பி வந்தால், அப்போ அந்த மனுஷன் சாப்பிட்டது சீட்டைத்தானா என்று கேட்பாள். பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்புதான் அவளை முப்பத்து மூன்றாம் வயதில் மாலைக் கல்லூரியில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

வீட்டில் ஒரே மேஜையில் ஒரு பக்கம் மகள், மறு பக்கம் அவள். இரண்டு பேரும் வேதியியலில் தடுமாறினார்கள். மகள் சீக்கிரம் தேறிவிட்டாள். திங்கறதுக்கு ஒரு படிப்பா, அப்போ நான் நாற்பது வருஷமா அடுப்படியில என்ன பண்ணிட்டிருந்தேன் என்று மாமியார் கேட்டார். பஸ் ஓட்டும் கணவர், அவள் அளவுக் கிண்ணத்தில் சோறு அளந்து வைத்த அன்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டிக்கு டீசல் ஊற்றுகிறவன்கூட இவ்வளவு கறாராக இருக்க மாட்டான் என்றார். ஆனால் பரீட்சை நாட்களில் அந்த மாமியார்தான் சமையலை எடுத்துக்கொண்டார். அந்தக் கணவர்தான் துணி துவைத்துப் போட்டார்.

இப்போது படிப்பு முடிந்து, அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஆறு மாதப் பயிற்சி. அதிலும் கடைசி வாரம். தலைமை டயட்டீஷியன் மேடம் அதிகம் பேசாதவர். ஒரு நோயாளியைத் தொடக்கம் முதல் ஒழுங்காகச் சாப்பிடும்வரை தனியாகப் பார்த்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லையென்றால் ஆறு மாதமும் முதலிலிருந்து. அவளுக்குக் கிடைத்தவர் பதினாலாம் கட்டில்: இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு தையல்காரர். வயது எழுபத்திரண்டு. ரத்த அழுத்தமும் உண்டு.

அவள் போட்ட உணவுத் திட்டம் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம் போல இருந்தது. புண் ஆற இவ்வளவு புரதம், எலும்புக்கு இவ்வளவு சுண்ணாம்புச் சத்து என்று கிராம் கணக்கில் எழுதியிருந்தாள். தையல்காரர் அதை மதிக்கவே இல்லை. ஐந்து நாளாக மூன்று வேளையும் மூடியைத் திறந்து பார்ப்பார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "பசிக்கலம்மா," என்பார். எடை மூன்று கிலோ இறங்கிவிட்டது. அன்று காலை பத்து மணிக்கு வார்டு சுற்றி வந்த டாக்டர், மதியச் சாப்பாடும் திரும்பிவந்தால் சாயங்காலம் மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் அவளைப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம். திட்டத்தை நான்காவது தடவையாக மாற்றி எழுதப் பேனாவை எடுத்தவள், மூடி வைத்தாள். காலைத் தட்டுகள் இந்நேரம் கீழே போயிருக்கும். கழுவியிருக்க மாட்டார்கள். லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள்.

கழுவும் பகுதியில் அவளைப் பார்த்ததும் பழைய தோழி இடுப்பில் கைவைத்து நின்றாள். வெள்ளைக் கோட்டு போட்ட பெரிய மனுஷங்களுக்கு இங்கே என்ன வேலை, கோட்டு நனைந்தால் எங்களைச் சொல்லக் கூடாது என்றாள். அவள் நேரே தட்டு அடுக்குக்குப் போனாள். அடுக்கில் சீட்டுச் சீட்டாகத் தேடிப் பதினாலை உருவினாள்.

முட்டை அப்படியே. ஆப்பிள் துண்டுகள் அப்படியே. ஆனால் பால் தம்ளரில் ஒரு சொட்டு இல்லை. சூப்புக் கிண்ணம் வழித்துத் துடைத்தது போல இருந்தது. அதிலிருந்த கேரட் துண்டுகள் விளிம்பில் வரிசையாக, சப்பிச் சப்பி வெளுத்துக் கிடந்தன. ரொட்டியில் ஓரத்தை விட்டு நடுவிலிருந்த மெத்தென்ற பகுதியை மட்டும் தோண்டி எடுத்திருந்தார்.

பசியில்லாதவன் தட்டு அவளுக்குத் தெரியும். எட்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். இது அது இல்லை. இது கொலைப்பசிக்காரன் தட்டு.

வந்த வேகத்திலேயே மேலே ஏறினாள். மூச்சு வாங்கியது. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"ஐயா, பல் செட் எங்க?"

துண்டு வாயிலிருந்து இறங்கவில்லை. கண் மட்டும் இப்படியும் அப்படியும் போனது. பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"வந்த அன்னிக்கு ராத்திரி காகிதத்துல சுத்தித் தட்டு ஓரமா வெச்சேன்மா. திரும்பிப் பார்த்தா தட்டு இல்ல."

"சொல்லியிருக்கலாமே?"

"எதைச் சொல்றது? பொண்ணுங்களா வந்து வந்து போறீங்க. பொக்கை வாயோட பேசச் சொல்றியா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மறுபடி படி, மறுபடி கீழே. தோழி இந்தத் தடவை கேலி செய்யவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூடி போட்ட ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். எச்சில் தொட்டியில் அகப்படுவதையெல்லாம் கழுவி அதில் போட்டுவைப்பது அவர்கள் வழக்கம். மேலேயிருந்து யாரும் கேட்டு வந்ததில்லை.

"மூணு பேரோட சிரிப்பு இருக்கு இதுல," என்றாள் தோழி. "உன் ஆளு எது?"

மூன்றும் ஒரே மாதிரி இளித்தன. ஒருவர் பல்லை இன்னொருவர் வாயில் வைத்துப் பார்க்க இது சட்டையா? அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினாள். மூன்றாவதில், முன்பல் இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒரு பள்ளம், அரம் வைத்து ராவியது போல. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நூலைக் கடித்து அறுத்த பல்.

"தையல்காரர்," என்றாள் அவள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்துத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பல் பிரிவில் கெஞ்சி, கிருமி நீக்கி வாங்குவதற்குள் பன்னிரண்டாகிவிட்டது. வார்டுக்கு வந்து தையல்காரர் வாயில் போட்டுப் பார்த்த பல் டாக்டர், உடம்பு இளைத்ததில் ஈறு சுருங்கி செட் கொஞ்சம் ஆடுகிறது, கடினமானது ஒரு வாரத்துக்கு வேண்டாம் என்றார். அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தினாள். முட்டையை மசித்து, கோழியைப் பொடியாக்கி, ஆப்பிளை வேகவைத்து, ரொட்டிக்குப் பதில் குழைந்த சோறு. சமையல் கட்டுக்குத் தானே ஓடிப்போய்க் கொடுத்தாள். இப்படிக் கடைசி நிமிஷத்தில் வந்து நின்றால் எப்படி என்று சமையல் மேஸ்திரி கத்திக்கொண்டே மசித்தார்.

பன்னிரண்டரைக்குத் தட்டு வந்தது. திரைக்கு வெளியே நின்று கேட்டாள். கரண்டிச் சத்தம் நிற்கவில்லை.

மேடம் வந்தபோது தட்டில் நாலில் ஒரு பங்குதான் மிச்சம். தட்டைப் பார்த்தார், அவள் பயிற்சிக் கோப்பைப் பார்த்தார், நடந்ததை அவள் சொல்லக் கேட்டார். பாராட்டு வரும் என்று அவள் உள்ளுக்குள் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"மொத நாளே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருந்தா, இவருக்கு மூணு கிலோ மிச்சமாகியிருக்கும். இல்லையா?"

"ஆமா மேடம்." முகம் சுட்டது. உண்மைதான். கிராம் கணக்கெல்லாம் போட்டவள் வாயைப் பார்க்கவில்லை.

தையல்காரர் துண்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். வாய் நிறையப் பல்லோடு, வார்டுக்கே கேட்கும்படி பேசினார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். சாப்பாட்டுல உப்பே இல்ல. நாயி சாப்பிடுமா இதை?"

மேடம் கோப்பில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார்.

"என்கிட்ட சொல்லாதீங்க. அதுக்கு உங்க டயட்டீஷியன்தான் பதில் சொல்லணும்," என்று அவளைக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"உப்புத் தர முடியாதுங்க ஐயா," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "உங்க பிரஷர் அப்படி. வேணும்னா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரச் சொல்றேன். வேற என்ன குறை, சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். பட்டியல் நீளமாக இருந்தது.