ஒரு வீடும் ஒரு பாப்பமும்

எங்கள் வீட்டை விற்பதற்கு மகள் கனடாவில் இருந்துகொண்டு இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டாள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தொலைபேசியில் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். ‘வெப்பமண்டலத் தீவொன்றில் சரித்திரச் சிறப்புள்ள இல்லம் விற்பனைக்கு.’

“தீவிலையோ? நாங்கள் என்ன தீவாரோ?” என்றேன்.

யாழ்ப்பாணத்தில் தீவு என்றால் நெடுந்தீவு, நயினாதீவு போலக் கடல் தாண்டிப் போகிற ஊர்கள்தான். முழு இலங்கையும் ஒரு தீவு என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு சரி. “இஞ்சை இருந்து பாத்தால் நீங்கள் எல்லாரும் தீவார்தான் அம்மா” என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறப்புள்ள இல்லத்துக்குள் அடைபட்டுக் கிடந்தவள் நான்.

தெல்லிப்பழைச் சந்தியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் இருக்கிறது வீடு. என் பூட்டனார் கட்டியது. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தையும் அறைகளும். வந்து பார்க்கிறவர்கள் தூணைத் தடவி, “என்ன வடிவு!” என்பார்கள். கூரையில் எந்தத் தீராந்தி மரத்துக்குள் கறையான் குடியிருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்? மாரியில் வெளியே பெய்கிற மழை உள்ளேயும் பெய்யும். கிணறு வீட்டுக்குப் பின்னால், கக்கூசு அதற்கும் பின்னால் வேலியோரம். சரித்திரம் என்பது அடுத்தவர் கூட்டித் துடைக்கும் வரைக்கும்தான் வடிவு.

முந்தின மாரியில் ஒருநாள் விடியப்புறம் கக்கூசுக்குப் போக முற்றத்தில் கால் வைத்தேன். பாசி வழுக்கிவிட்டது. இடுப்பெலும்பில் வெடிப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து, தடி ஒன்றோடு திரும்பி வந்தேன். அதன் பிறகு மழை இருட்டினாலே அறை வாசற்படியில் நின்று முற்றத்தைப் பார்ப்பேன். இன்னொருமுறை விழுந்தால் எழும்பமாட்டேன் என்று தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாண நகரத்தில், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட, ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. ஒரு தரம் போய்ப் பார்த்தேன். படுக்கையறைக்குள்ளேயே குளிக்கிற இடமும் கக்கூசும். தரை எல்லாம் ஒரே மட்டம். குழாயைத் திருகினேன், தண்ணீர் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை விற்றால்தான் அதை வாங்கலாம்.

வீடு என் பெயரில்தான் இருக்கிறது. எனக்குத் தந்த சீதனம். ஆனால் எங்கள் தேசவழமைச் சட்டத்தில், கலியாணமான பெண் தன் காணி பூமியை விற்பதென்றால் புருஷனும் சம்மதித்து ஒப்பம் வைக்க வேண்டும். வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்றவர்கள், கலியாணம் பண்ணியபின் வீட்டை விற்றுப் பார் என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

என் மனிசன் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது! “பாப்பம்” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்வதில்லை. கடன் கேட்டாலும், சம்பந்தம் கேட்டாலும், விருப்பமில்லை என்றால் “பாப்பம்”, அதாவது பார்ப்போம், என்பார்கள். கேட்டவருக்கும் விளங்கிவிடும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேறு கதை கதைத்துப் போவார். இவர் அந்தச் சொல்லிலேயே குடித்தனம் நடத்துகிறவர். விழுந்து வந்த கையோடு, “வீட்டுக்குள்ளை ஒரு கக்கூசாவது கட்டித் தாங்கோ” என்று கேட்டேன். பாப்பம். வீட்டை விற்போமா? பாப்பம். கோபக்காரனோடு சண்டை பிடிக்கலாம். பஞ்சு மூட்டையோடு என்னத்தைப் பிடிப்பது?

ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் பிறந்த வீடு வடக்கே, கடலை அண்டின ஊரில் இருந்தது. சண்டைக் காலத்தில் இராணுவத்தினர் சனத்தை எழுப்பிவிட்டு அந்த ஊரை மூடினார்கள். வருடக்கணக்காகக் காத்திருந்து, திறந்துவிட்டபோது இரண்டு பேருமாகப் போனோம். வீட்டின் அத்திவாரம்கூட இல்லை. கிணற்றை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டார். கிணற்றுக் கட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அதற்கு முன்பே, நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பியபோது கூரை கொட்டுண்டு கிடந்த என் வீட்டுக்கு, தானே ஏறி ஓடு போட்டவர் அவர். எல்லாம் சரி. ஆனால் விழுந்தவள் நான்.

விளம்பரம் பார்த்து ஒரு தம்பதி வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த பிள்ளைகள். அந்தத் தம்பி அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை, எழுத்து எழுத்தாக, ஒரு பிழை இல்லாமல் பேசினார். உல்லாசப் பயணிகள் தங்குவதற்கு ஒரு பழைய வீடு தேடுகிறார்களாம். பெண்பிள்ளை நான் விழுந்த இடத்தில் நின்று, “அன்ரி, இதிலே ஒரு நீச்சல் தடாகம் எவ்வளவு அழகாக இருக்கும்!” என்றாள். மழைக்கு வந்து பார் பிள்ளை, நீ கட்டவே தேவையில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

போகும்போது தம்பி இவரிடம் கேட்டார். “அங்கிள், இந்த வீட்டை எங்களுக்குத் தருவீர்களா?”

“பாப்பம்” என்றார் இவர்.

எனக்கு எல்லாம் இருண்டது. தம்பியின் முகமோ பூவாக மலர்ந்தது. “மிக்க நன்றி, அங்கிள்!” என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவம், பள்ளிக்கூடத்தில் யாரும் அந்தச் சொல்லின் மற்றப் பக்கத்தைப் படிப்பிக்கவில்லை. நானும் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்?

அடுத்த கிழமை ஒரு கட்டடப் பொறியியலாளரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அந்த மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் படம் பிடித்தார். இவர் கதிரையிலிருந்து எழும்பி, என்ன நடக்கிறது என்று விளங்காமல் விழித்தார்.

“அங்கிள், பார்ப்போம் என்று சொன்னீர்கள். நாங்கள் பார்த்துவிட்டோம். எல்லாம் திருப்தி. வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் போய் விற்பனை உறுதி எழுதலாமா?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, நம்பிச் சிரிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் இவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு பாப்பம் சொல்லவும் வழியில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நல்லாய்ப் படட்டும், இவ்வளவு காலமும் நான் பட்டதுதானே என்று இருந்தேன்.

இவர் தொண்டையைச் செருமினார். “வீடு அவவின்ரை. அவவைக் கேளுங்கோ. அவ ஓமெண்டால் நான் ஒப்பம் வைக்கிறன்.”

எத்தனையோ வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாகக் கதவு திறந்தது. தம்பி என் பக்கம் திரும்பினார். “அன்ரி?”

ஓம் என்று ஒரு சொல். அந்தக் குழாய், அந்த மட்டமான தரை, எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாயைத் திறந்துகொண்டு இவரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இவர் என்னைப் பார்க்கவில்லை. விறாந்தைத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கிணற்றுக் கட்டில் வைத்த அதே கை.

“பாப்பம்” என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. தம்பிக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. “அப்படியானால் வெள்ளிக்கிழமை சந்திப்போம், அன்ரி!” என்று வான் வண்டியில் ஏறிப் போனார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மகளைக்கொண்டு இல்லை என்று சொல்விக்க வேண்டும். இப்படியான விஷயங்களை ஆங்கிலத்தில் சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும்.

வான் ஒழுங்கையில் திரும்பும் வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இவருக்கு மட்டும் அந்தச் சொல் விளங்கியிருந்தது. படலையைச் சாத்திவிட்டு வந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தைப் பார்த்தார், என் தடியைப் பார்த்தார்.

“உமக்கு வீட்டுக்குள்ளை ஒரு கக்கூசு கட்டத்தான் வேணும்” என்றார்.

“எப்ப?” என்று கேட்டேன்.

“பாப்பம்” என்றார்.