சுல்தானிடம் யாரும் சொல்லவில்லை

சிறு வயதில் நான் பார்த்த ஊர்களெல்லாம் ஒரு நாய்க்காகப் போன ஊர்கள். ஹொஸ்கோட்டே ஏரி, ஆனேக்கல் பக்கத்து ராகிக் கொல்லைகள், தேவனஹள்ளியைத் தாண்டிய திராட்சைத் தோட்டங்கள், கடைசியில் கடல். எல்லாவற்றையும் காரின் பின்சீட்டிலிருந்து ஒரு கிழட்டு லாப்ரடாரின் காதுகளுக்கு நடுவே பார்த்தேன். எங்கள் நீலசந்திரா சந்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதைச் சொல்லி அலட்டிக்கொள்ள எனக்கு ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்பா லாங்ஃபோர்டு டவுனில் ஒரு வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பெரியவரை அவர் சார் என்பார், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். சாருக்கும் மேடத்துக்கும் பிள்ளைகள் இல்லை, சுல்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைக் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே எங்காவது கூட்டிப்போய் ஓடவிட்டு வருவது சாரின் பழக்கம். அன்றைக்கு மட்டும் காரை அவரே ஓட்டுவார், அப்பாவுக்கு லீவு. பிறகு ஒருநாள் சார் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. ஞாயிறு காலையானால் சுல்தான் கார் கதவருகே போய்ப் படுத்துக்கொண்டு, வைத்த சோற்றை மோந்துகூடப் பார்க்காமல் கிடந்தது. மேடத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சார் போன இடங்களுக்கெல்லாம் இனி நீயே கூட்டிக்கொண்டு போ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். இப்படியாக அப்பாவின் லீவு நாய்க்குப் போயிற்று.

கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் அம்மா மஸ்கட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு அங்கே ஒரு வீட்டில் வேலை கிடைத்துவிட்டது, பிளேன் அவசரமாகக் கிளம்பிவிட்டது என்றார். பிளேன்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சந்தில் இன்னொரு பெண்ணின் அம்மா குவைத்தில் இருந்தாள். அவள் வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் காட்டிப் பேசுவாள். என் அம்மா பேசவில்லை. வேலை செய்கிற வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று அப்பா சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டிருப்பேன். குவைத்தும் மஸ்கட்டும் அடுத்தடுத்த தெருவாக இருக்கும், என்றைக்காவது என் அம்மா அந்தப் போனுக்குள் எட்டிப்பார்ப்பாள் என்று ஒரு நப்பாசை. உள்ளே வா என்று அவர்கள் கூப்பிடுவார்கள். போகமாட்டேன்.

பக்கத்து போர்ஷனில் இருந்த அத்தைதான் எனக்குச் சோறு போட்டாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அப்பார்ட்மென்ட் வேலை உண்டு. எனவே அப்பா மேடத்திடம் போய், பின்சீட்டில் யாராவது பிடித்துக்கொள்ளாவிட்டால் சுல்தான் ஜன்னல் வழியாகக் குதித்துவிடும் என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார். கதவு திறந்திருந்தாலே இறங்க யோசிக்கிற வயது சுல்தானுக்கு. மேடம் சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்பு ஷூவைப் பளபளவென்று துடைத்துக்கொண்டுதான் கிளம்புவார். சுல்தான் பின்னால், நான் அதன் பக்கத்தில், அப்பா தனியாக முன்னால். பார்க்கிறவர்கள் அவரை என் டிரைவர் என்றுதான் நினைத்திருப்பார்கள். பின்கதவைத் திறந்தால் அவருக்கு மரியாதை தானாக வாயில் வந்துவிடும்.

“எறங்குங்க சுல்தான். பாத்து, சேறா கீது” என்பார். அடுத்த மூச்சில் என்னிடம், “ஏய், தூங்கினது போதும், அவருக்குத் தண்ணி எடு” என்பார்.

இறங்கியதும் சுல்தான் ஓடாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். சார் வெயிலுக்கு வெள்ளைத் தொப்பி வைப்பார். ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவரோ, சைக்கிளில் வருகிறவரோ, எவர் தலையில் வெள்ளைத் தொப்பி தெரிந்தாலும் சரி, வயதையெல்லாம் மறந்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடும். கிட்டே போய் மோந்து பார்க்கும். பிறகு ஏதோ வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்ததுபோல மெல்லத் திரும்பி வரும். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒருமுறை திராட்சைத் தோட்டத்து வேலியோரம் அது அப்படித் திரும்பி வந்து என் காலடியில் படுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து வெள்ளைத் தொப்பி தூரத்தில் தெரிந்தால் நானே அதன் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

வாரம் முழுவதும் நான் பேசாத பேச்சையெல்லாம் சுல்தானிடம் பேசினேன். அப்பா கார் ஓட்டும்போது பேசமாட்டார். வீட்டிலும் அதே கணக்குதான். சுல்தான் கேட்கும். கேட்டுவிட்டு என் மடியில் எச்சில் வடித்துக்கொண்டு தூங்கிவிடும். அந்தப் பாரம் மடியில் இருக்கிற வரைக்கும் எனக்குத் தனியாக இருப்பதாகத் தோன்றாது.

தேவனஹள்ளிப் பக்கம் போகிற நாளில் மட்டும் ஒரு தகராறு வரும். சார் லிங்கராஜபுரம் வழியாகப் போய் ஹென்னூர் ரோட்டைப் பிடிப்பாராம். அங்கே ஒரு பேக்கரியில் சுல்தானுக்கு ரஸ்க் வாங்கிக் கொடுப்பாராம். அப்பா அந்தப் பக்கமே வண்டியைத் திருப்பமாட்டார், ஹெப்பாளைச் சுற்றிக்கொண்டு போவார். திரும்ப வேண்டிய சிக்னலைத் தாண்டியதும் சுல்தான் எழுந்து நின்று பின்கண்ணாடியைப் பார்த்து முனகும்.

“அங்க மேம்பாலத்தாண்ட ஜாம் சுல்தான். உக்காருங்க” என்று அப்பா சமாதானம் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே என்ன ஜாம் என்று சுல்தானும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

சாருக்கு வருஷத் திதி முடிந்த பிறகு, சுல்தானைக் கடலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார் மேடம். வருஷத்துக்கு ஒரு தடவை புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக் கரையில் சார் அதைக் குளிப்பாட்டுவாராம். இந்த வருஷம் மட்டும் எதற்கு விட வேண்டும் என்றார். தான் வரவில்லை. புளியோகரே கட்டிக் கொடுத்துவிட்டு, “ஹுஷாராகி ஹோகி பன்னி” என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்திரமாகப் போய் வாருங்கள் என்று அவர் சொன்னது சுல்தானுக்கா எங்களுக்கா தெரியாது, பார்வை சுல்தான் மேல்தான் இருந்தது.

எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம்தான் மஸ்கட் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். எனவே தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியட்டும் என்று மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டேன். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கார் ஏறியபோது லேசாக விடிந்திருந்தது. சுல்தானும் நானும் ஆளுக்கொரு ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டோம். கிருஷ்ணகிரி தாண்டி நான் தூங்கி, திண்டிவனத்தில் எழுந்தேன். அதற்குள் கவுன் முழுக்க நாய் முடி.

கடல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. எனக்கு ஏமாற்றம்தான்.

“அம்மா இருக்கற ஊரு எந்தப் பக்கம்பா?” என்று கேட்டேன்.

அப்பா வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். பிறகு நேர் எதிரே கையை நீட்டினார். நான் அந்தத் திசையில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். கை வலிக்கும்வரை ஆட்டினேன். அம்மா என்று சத்தம் போட்டுக் கூப்பிடவும் ஆசையாக இருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் சுல்தான் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடிற்று. படகு நிழலில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சுல்தான் அவரை மோந்து பார்த்தது, சுற்றி வந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தது. அவர் அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். சுல்தானுக்கு அது வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்து ஈர மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தது. தண்ணீருக்குள் இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. சார் கூப்பிட்டால்தான் இறங்கும் போலிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மணலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் நின்றுகொண்டு, பெரிய மனுஷி மாதிரி நியாயம் பேசினேன்.

“அதுகிட்ட சொல்லிடலாமில்லப்பா? சார் இனிமே வரமாட்டாருன்னு. பாவம், ஊரு ஊரா தேடினு கீது. எல்லாருக்கும் தெரியுது, அதுக்கு மட்டும் யாரும் சொல்லல.”

அப்பா சுல்தானைப் பார்த்தார். “வேணாம் பாப்பா.”

“ஏம்பா?”

“சொன்னா தாங்காது. சோறு தின்னாது.”

“ரெண்டு நாள் தின்னாது. அப்புறம் தின்னும். இப்படி ஏமாத்தினு இருக்கறதுதான் பாவம்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்துப் பழகியவர், நேராக அவ்வளவு நேரம் பார்த்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டேனோ, அறை விழுமோ என்று ஒரு அடி பின்னால் போனேன். அவர் எழுந்து கடலைப் பார்த்து நடந்தார். துடைத்துப் பளபளவென்று இருந்த ஷூவோடு, அலைக்குள், முழங்கால் நனையும்வரை போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஷூவைக் கழற்ற மறந்துவிட்டாரே, வண்டிக்குள் கால்மிதியெல்லாம் மணலாகுமே, மேடம் திட்டுவாரே என்பதுதான் என் கவலை.

அவர் அப்படி நின்ற நேரத்தில் நான் சுல்தானின் காதைத் தூக்கி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “சார் செத்துட்டாரு சுல்தான். தேடாத. நான் கீறேன் இல்ல?” அது என் கன்னத்தை நக்கிற்று. உப்பாக இருந்திருக்க வேண்டும், விடாமல் நக்கிற்று.

திரும்பும் வழியில் டோல்கேட் பக்கத்தில் வண்டியை நிறுத்தி மேடத்தின் டப்பாக்களைத் திறந்தோம். சுல்தான் தன் பங்கை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு என்னுடையதையும் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

“பாத்தியாப்பா, நான் சொல்லிட்டேன். தின்னுச்சு பாத்தியா?”

அப்பா ம் என்றார். ஈர ஷூவைக் கழற்றி வண்டியின் பானெட் மேல் காயவைத்துவிட்டு, வெறுங்காலோடு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஹொஸ்கோட்டே ஏரிக்கரையில் ஒரு வெள்ளைத் தொப்பியைப் பார்த்து சுல்தான் மறுபடியும் ஓடியது. நான் சொன்னது அதற்குப் புரியவில்லையா, புரிந்தும் நம்பவில்லையா தெரியாது. அடுத்த மழைக்காலத்துக்குள் அது செத்துப்போயிற்று. மேடம் காரை விற்றார். அப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டப் போனார். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மற்ற நாட்களைப் போலவே ஆயின.

எட்டாவது படிக்கும்போது பூகோளப் பாடத்தில் மஸ்கட் மேற்கே இருப்பதைக் கண்டுபிடித்தேன். நாங்கள் போனது கிழக்குக் கடல். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கை வலிக்க நான் ஆட்டியதெல்லாம் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா என்று அப்பாவிடம் அட்லஸைக் கொண்டுபோய் நீட்டினேன். மங்களூர்ப் பக்கம் போயிருக்க வேண்டும், உனக்கு ரோடு தெரியும் அளவுக்கு உலகம் தெரியவில்லை என்றேன். அப்பா அட்லஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் அத்தைதான், ஏதோ சண்டையின் நடுவில், போட்டு உடைத்தாள். “சும்னே இரு. மஸ்கட்டாம் மஸ்கட்டு” என்று ஆரம்பித்தாள். அம்மா எந்தக் கடலையும் தாண்டவில்லை. லிங்கராஜபுரத்தில், அந்த மேம்பாலத்துக்குப் பக்கத்தில், வேறொருவரோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு பையனும் இருந்தான். எங்கள் சந்தில் எல்லோருக்கும் அது தெரியும். என்னை உள்ளே கூப்பிட்ட குவைத்துக்காரி வீட்டுக்கும் தெரியும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டு அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்ற வேகத்தோடுதான் அன்று வீட்டுக்கு வந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து மறுநாள் டியூட்டிக்கு ஷூ துடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை முன்பே கேட்டிருந்தேன், அவரும் பதில் சொல்லியிருந்தார். சொன்னால் தாங்காது, சோறு தின்னாது என்று அவர் சொன்னபோது, நாங்கள் நாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.