நான் பார்த்துச் சொன்ன வீடு

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தேன். துபாயில் இருக்கும் மூத்தவன், வாடகைக்கு விடுவதற்காகச் சென்னீர்குப்பத்தில் ஒரு ஃபிளாட் வாங்க நினைத்து, என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னான்.

புரோக்கர் காட்டிய வீட்டில் நல்ல காற்று. போனில் மகன் கேட்டான்: "வீடியோவுல நம்பர் தெரியலம்மா. பேப்பர்ல சி பிளாக்குன்னு இருக்கு. அங்கயும் அப்படித்தான் போட்டிருக்கா, பாரு."

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. புரோக்கர் முன்னால் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"எல்லாம் சரியா கீதுடா. பணத்த கட்டு" என்றேன்.

பத்திரம் முடிந்ததும் சாவியோடு அதே வீட்டுக்குப் போனேன். பூட்டு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள்.

"இன்னா ஆயா, நாங்க போன வாரம் குடிவந்த ஊட்டப் போய் தொறக்கிற?" என்றவள், சாவியில் தொங்கிய சீட்டைப் படித்தாள். "இது பின்னால கீற சி பிளாக்கு."

அவளே கூட்டிப்போனாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் கையில் இடித்தது. பகலிலும் இருட்டு. புரோக்கர் போனை எடுக்கவேயில்லை. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்பிப்போகிறார்கள்.

"நீ பாத்தும் ஏமாத்திட்டானேம்மா" என்று மகன் இன்றைக்கும் புரோக்கரைத் திட்டுகிறான். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படித்துக் காட்டு. நான் பொய் சொன்ன இடத்தை விட்டுவிடாதே. உன் மாமனுக்கு அனுப்பவேண்டும்.